சோப்பு டப்பாவில் ஒரு காது

முதல் டப்பா உடைந்தபோது என் மனைவி குளியலறையில் இருந்தாள்.

நான் கூடத்தில் ஒரு மரப்பலகையின் மேல் இளநீல சோப்பு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். கை டிரில்லை அதன் மேல் நிறுத்தி, ஒரு கையால் அழுத்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். முனை பாதி இறங்கியதும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். துளை விழ வேண்டிய இடத்திலிருந்து நாலா பக்கமும் விரிசல் ஓடியது.

"என்னங்க, சோப்பு தரையில கெடக்குது. டப்பா எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் தையல்காரர் ரஹீம் பாய். அவருக்கு அந்த 'டிக்' கேட்கவில்லை, என் மனைவியின் குரலும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"ஒடஞ்சிடுச்சா?" என்றார். தெருக்கோடி வரை போகும் குரல்.

"ஒடஞ்சிடுச்சு பாய்!" என்று நானும் கத்தினேன்.

"எது ஒடஞ்சுது?" என்று குளியலறை கேட்டது.

இது எந்த ஆண்டு என்று உறுதியாக எழுத எனக்கு ஆசை. தேதி இல்லாத சம்பவம் ஆணி இல்லாத படம் மாதிரி, எங்கே மாட்டுவது என்று தெரியாது. அப்போது எங்கள் ரெட்டியார்பாளையம் தெருவில் டெலிவிஷன் ஆண்டெனா ஒரே ஒரு வீட்டு மாடியில்தான் இருந்தது. கேசட் ரெக்கார்டர்கள் பழுதாகி என்னிடம் வர ஆரம்பித்திருந்தன. இந்த இரண்டையும் வைத்து எழுபதுகளின் கடைசி அல்லது எண்பதுகளின் தொடக்கம் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அது கற்பனை. மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். அது ஏன் என்று பிறகு தெரியும்.

முல்லா வீதிக் கடை

நான் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் செய்வது, ரிப்பேர் பார்ப்பது என் பைத்தியம். ரஹீம் பாய்க்கு முல்லா வீதியில் சின்னத் தையல் கடை. அலுவலகம் விட்டதும் சைக்கிளை அங்கே நிறுத்தி ஒரு டீ குடிப்பேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வாங்க ரேடியோ" என்பார்.

இளவயதில் அவர் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். நூற்றுக்கணக்கில் தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் கூடத்தில் பல வருஷம் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பிறகு தையலுக்கு வந்தார். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதிக்கு எதிராளி கத்த வேண்டும். அந்த வீட்டில் ரகசியம் என்பதே கிடையாது. உப்பு தீர்ந்துபோனால் வீதிக்கே தெரியும்.

அவருடைய மகள் மெஹருவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஒரு மாலை நான் போனபோது கடையில் அவருடைய அண்ணன் கரீம் பாய் இருந்தார். பித்தளைப் பாத்திர வியாபாரி. நல்ல மனுஷர், பேச்சில் மட்டும் சுருக்கென்று குத்துவார்.

அவர்கள் வீடுகளின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். நிக்காஹ்வின்போது மணப்பெண் பந்தலுக்கு வருவதில்லை. பெண்ணின் தகப்பனார் இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய், "இன்னாருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார். அவள் சம்மதம் சொன்ன பிறகு வெளியே வந்து, நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஸ்ரத் சொல்லிக் கொடுக்கும் வாசகத்தைத் திருப்பிச் சொல்லி மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பார். இரண்டுக்கும் காது வேண்டும்.

"நீ சும்மா ஒக்காந்து பாருடா. ஒனக்காக நான் நிக்கிறேன்" என்று கரீம் பாய் தம்பியின் முகத்துக்கு நேரே கத்தினார்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"அவ சொல்றது ஒனக்குக் கேக்குமா?"

"தலையாட்டினா தெரியாதா?"

"முக்காட்டுக்குள்ள அவ தலையாட்டறாளா, அழுவறாளா, எப்படிடா பாப்ப?"

ரஹீம் பாய் மிஷினை வேகமாக மிதித்தார். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

அண்ணன் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "வெக்கப்பட்டுச் சும்மா இருந்தாலும் சம்மதம்தான்னு சொல்றாங்க. சட்டப்படி அது போதும். எனக்குப் போதாது, ரேடியோ. அவ சின்னப் பொண்ணா இருக்கறப்ப கேட்டதுதான் அவ கொரலு. அப்புறம் கேட்டதெல்லாம் கத்தறதுதான். கத்தாம பேசினா அவ கொரலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

காதுக் கருவி வாங்க மெட்ராஸ் போய் விசாரித்திருக்கிறார். சொன்ன விலையும், வந்து சேரும் என்று சொன்ன நாளும், கல்யாணத்துக்குள் நடக்கிற காரியமாக இல்லை.

"நான் செஞ்சு தரேன் பாய்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

'பொருத்தமான பெட்டி'

கருவியின் உள்ளே போகும் விஷயம் கஷ்டமில்லை. பழுதான கேசட் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய சின்ன மைக், மூன்று டிரான்சிஸ்டர், இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு இயர்போன். நூலகத்தில் நான் புரட்டாத எலெக்ட்ரானிக்ஸ் புத்தகம் குறைவு. எல்லாப் புத்தகமும் சர்க்யூட்டைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் முடித்துவிடும்: இதைப் பொருத்தமான பெட்டியில் பொருத்திக்கொள்ளவும். அந்த ஒரு வரியில் என் வாழ்க்கையின் பாதி ஞாயிறுகள் போயிருக்கின்றன.

பெட்டி என்றால் துளை. சுவிட்சுக்கு ஒன்று, திருகும் குமிழுக்கு ஒன்று, ஒயருக்கு ஒன்று. ஒழுங்கான துளை விழாவிட்டால் உள்ளே எவ்வளவு அழகாக ஈயம் பற்ற வைத்திருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது குப்பை.

எங்கள் ஊரில் எனக்கு முதலில் கிடைத்த பெட்டிகள் பிஸ்கட் டின்கள். பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வாழ்ந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா எங்கள் தெருவில் இருந்தார். பாரீசிலிருந்து அவர் மகன் அனுப்பும் பிஸ்கட் தீர்ந்ததும் டின்னை எனக்குக் கொடுப்பார். கொடுக்கும்போது பிரெஞ்சில் எச்சரித்து ஒரு நிபந்தனை. "அத்தான்சியோன்! சேவல் மேல ஓட்டை விழக் கூடாது." டின்னில் ஒரு சேவல் படம் இருக்கும். அதனால் நான் செய்த முதல் ஆம்ப்ளிஃபயர்களில் குமிழ்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும், நடுவில் சேவல் நிற்கும்.

மெல்லிய தகரத்தில் டிரில் முனை வட்டமாகப் போகாது. முக்கோணமாகக் கடித்து, ஓரத்தைக் கிழித்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, துளைக்கும் இடத்தில் வைத்து, அதன் மேலேயே முனையை இறக்க வேண்டும். துணி முனையோடு சுற்றி, அது ஆடாமல் பிடித்துக்கொள்ளும். துளை காசு மாதிரி வட்டமாக விழும். இதைப் பல பேருக்குச் செய்து காட்டியும் நம்பாதவர்கள் உண்டு.

பெரிய துளை என்றால் வேறு வேலை. மீட்டர் வைக்கும் அளவுக்கு வட்டம் வரைந்து, கோட்டுக்கு உள்ளே நெருக்கமாகச் சின்னச் சின்னத் துளைகளைச் சுற்றிலும் போட்டு, இடைச் சுவர்களை வெட்டி, நடுத் தகட்டைத் தட்டி எடுத்துவிட்டு, அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். ராவும் சத்தத்தில் பக்கத்து வீட்டம்மாவுக்குப் பல் கூசும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, இன்னும் எவ்ளோ வட்டம் பாக்கி?" என்று கேட்பார்கள்.

தகரமும் அலுமினியமும் இப்படி எனக்குப் பழகியிருந்தன. பிளாஸ்டிக் பழகவில்லை. சட்டைப் பையில் வைக்கும் கருவிக்குத் தகரப்பெட்டி கனம். சோப்பு டப்பா கச்சிதம். ஆகவேதான் எங்கள் வீட்டுச் சோப்பு தரைக்கு வந்தது.

அம்மைத் தழும்பு

இரண்டாவது டப்பாவை, ஈயம் பற்ற வைக்கும் கம்பியால் சுட்டுத் துளைத்தேன். உடையவில்லை. ஆனால் உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றிக் கரை கட்டி நின்றது. வீடு முழுக்க நாற்றம்.

ரஹீம் பாய் அதை விரலால் தடவிப் பார்த்தார். "அம்மை போட்ட மாதிரி இருக்குது. கல்யாண வீட்ல இத வெச்சுக்கினு நிக்க முடியுமா?"

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"துணின்னா சொல்லுவேன். இது என்ன சனியனோ!" என்றார். அப்புறம் அவரே ஒரு கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சிக் குத்திப் பார்த்தார். அது இன்னொரு அம்மைத் தழும்பைத்தான் தந்தது.

மூன்றாவது டப்பாவில்தான் எனக்குப் புத்தி வந்தது. பிளாஸ்டிக் அழுத்தத்தையும் அவசரத்தையும் தாங்காது. மூடியின் இரண்டு பக்கமும் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டினேன். அடியில் மரக்கட்டை கொடுத்தேன். டிரில்லை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே சிறிய முனையை மட்டும் விரல்களுக்கு இடையில் பிடித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் மெல்லத் திருகினேன். அது போன வழியில் அடுத்த பெரிய முனை, பிறகு அதற்கடுத்தது. வேண்டிய அளவு வந்ததும், அதையும்விடப் பருத்த முனையைத் துளையின் வாயில் வைத்து இரண்டு சுற்று. ஓரத்தில் இருந்த பிசிறு சுருளாக வந்துவிட்டது. பிளாஸ்திரியை உரித்தேன். மைக்குக்குச் சுத்தமான துளை.

அதே முறையில் இயர்போனுக்கு ஒன்று போட்டேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்கு, வரிசையாகத் துளையிட்டு ராவி ஒரு நீளப் பிளவு.

இயர்போனை மாட்டிக்கொண்டு ரஹீம் பாய் கண்ணை மூடினார். நான் சாதாரணக் குரலில், "பாய், டீ சாப்பிடறீங்களா?" என்றேன்.

"சக்கர கம்மியா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

காதுக்குள் அப்பளம்

மறுநாளே திரும்பி வந்துவிட்டார்.

"யாரோ காதுக்குள்ள ஒக்காந்து அப்பளம் நொறுக்கறாங்க, ரேடியோ. நான் மூச்சு விட்டா ஒரு அப்பளம். குனிஞ்சா ஒரு கட்டு."

விஷயம் புரிந்தது. டப்பாவைச் சட்டைப் பையில் வைத்தால், மைக் துளைக்கு மேல் துணி உரசுகிறது. மனிதக் குரலைவிடத் துணியின் குரல் பெரிதாகக் கேட்கிறது. கையில் பிடித்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஆனால் கல்யாணப் பந்தலில் சோப்பு டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க முடியுமா? துளைக்குப் பஞ்சு வைத்துப் பார்த்தேன், குரலும் சேர்ந்து மங்கியது.

ரஹீம் பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பால் மூடியின் விளிம்பிலிருந்து துளை எவ்வளவு தூரம் என்று அளந்தார்.

"டப்பாவுல ஓட்ட போட்டா மட்டும் எப்படி? பையிலயும் போடணும்" என்றார்.

நிக்காஹ்வுக்கென்று வெள்ளை ஜிப்பா ஒன்று தைத்துக்கொண்டிருந்தார். அதன் நெஞ்சுப் பையில், மைக் துளைக்கு நேராக, அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு துளை வெட்டி, அதன் ஓரம் பிரியாமல் காஜா எடுத்தார். சட்டைப் பொத்தான் நுழையும் துளைக்குச் சுற்றிலும் நூலால் இழுத்துப் பின்னுகிற அதே தையல்தான். டப்பா அசையாமல் இருக்கப் பையை இறுக்கமாகத் தைத்து, உள்ளே பனியன் துணி கொடுத்தார். தள்ளி நின்று பார்த்தால், வெள்ளையில் வெள்ளையாக ஒரு பொட்டு. அவ்வளவுதான் தெரியும். அப்பளச் சத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆனால் தையல்காரர் கண் சும்மா இருக்குமா? "வெள்ளத் துணிக்குள்ள நீல டப்பா தெரியுது. பொண்ண அனுப்பற துக்கத்துல குளிக்கக் கெளம்பிட்டான்னு எங்க அண்ணனே சொல்லுவாரு" என்றார். கடைத்தெரு முழுக்க அலைந்து அதே அளவில் ஒரே ஒரு வெள்ளை டப்பா வாங்கி வந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

பின்பக்கக் கோடு

ரேடியோ வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயின்ட் அடித்த முகப்புத் தகட்டில் கோடு போட்டால் கீறல் தெரியும் என்பதால், தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில்தான் அளந்து குறிப்போம். அப்படிக் குறிக்கும்போது இடது வலதாகும் என்று மனசுக்குள் மாற்றிக்கொள்வோம். அந்த வெள்ளை டப்பாவின் பளபளப்பைக் கெடுக்க மனமில்லாமல், மூடியின் உள்பக்கத்தில் குறித்தேன். மனசுக்குள் மாற்றிக்கொள்ள மறந்தேன். பிளாஸ்திரி, மரக்கட்டை, விரலால் திருகல் எல்லாம் முறைப்படி. நான் போட்டதிலேயே அழகான துளை அதுதான். தப்பான பக்கத்தில்.

ரஹீம் பாய் டப்பாவைப் பையில் போட்டார். துணியின் துளை ஒரு ஓரத்தில், டப்பாவின் துளை மறு ஓரத்தில்.

"முதுகுப் பக்கம் மாட்டிக்கலாமா?" என்று கேட்டார், முகத்தை மாற்றாமல்.

ஜிப்பாவில் இன்னொரு துளை போட முடியாது. வெள்ளையில் வேறு டப்பா ஊரில் இல்லை. ஆகவே சரியான பக்கத்தில் இரண்டாவது துளையைப் போட்டு மைக்கை அங்கே மாற்றினேன். ஆனால் திறந்து கிடந்த பழைய துளை வழியே உள்ளே ஒரு ஊதல் சத்தம் புகுந்தது. மெழுகு வைத்தேன், நிற்கவில்லை, விழுந்துவிட்டது.

"கொண்டாங்க இப்படி" என்று வாங்கினார். கோட்டு தைக்கும்போது கனமான பொத்தான் துணியைக் கிழிக்காமல் இருக்க, உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தானையும் சேர்த்துத் தைப்பார்களாம். அதேபோல் வெளியே ஒரு வெள்ளைப் பொத்தான், உள்ளே ஒரு பொத்தான், நடுவில் என் துளை வழியாக நூல். இறுக்கி முடிச்சுப் போட்டார். ஊதல் போயிற்று.

பொத்தான் வைத்த எலெக்ட்ரானிக் கருவியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பந்தல்

நிக்காஹ் அன்று காலையிலிருந்தே மழை. தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தலின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, யாரோ கழியால் தள்ளிவிடும்போதெல்லாம் அருவி மாதிரிக் கொட்டும். எனக்கு ஒரே பயம். பேட்டரி புதிது, இணைப்புகள் சரிபார்த்தவை. ஆனால் ஈரக்காற்று என்ன செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ரஹீம் பாய் வெள்ளை ஜிப்பாவில் நிமிர்ந்து நின்றார். காதிலிருந்து மெல்லிய ஒயர் இறங்கிக் காலருக்குள் போயிற்று. கரீம் பாய் அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"பொட்டி வேல செய்யலன்னா?" என்று கேட்டார், வேண்டுமென்றே மெல்ல.

"செய்யலன்னா நீ நில்லு" என்றார் ரஹீம் பாய்.

கரீம் பாய் தம்பியின் தோளில் கையை வைத்து, "சாட்சியா வரேன், நட" என்றார்.

தகப்பனாரும் இரண்டு சாட்சிகளும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பந்தல் அமைதியானது. மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்குத் தார்ப்பாயில் விழும் மழை மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து ரஹீம் பாயின் கேள்வி மழை இரைச்சலில் கலந்து வந்தது.

அடுத்த நொடி:

"சம்மதம் அத்தா!"

மெஹருவின் குரல். திரையைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, எதிர்ச்சாரி வீட்டு வாசல்வரை போயிற்று. வெட்கப்பட்டு முணுமுணுக்க வேண்டிய இடம். விவரம் தெரிந்த நாளிலிருந்து தகப்பனிடம் எப்படிப் பேசிப் பழக்கமோ அப்படித்தான் அந்தப் பெண்ணுக்கு வந்தது. காதில் ஒரு கருவி இருப்பது அந்தப் பதற்றத்தில் நினைவிருக்குமா?

பந்தலில் யாரோ சிரித்தார்கள், அவ்வளவுதான், எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஹஸ்ரத்தின் தாடி குலுங்கியது. முதலில் வெளியே வந்த கரீம் பாய், "ரெண்டு சாட்சி எதுக்கு? தெருவே சாட்சி!" என்றார்.

ரஹீம் பாய் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தார். கண்கள் நனைந்திருந்தன. வலியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹஸ்ரத்தின் முன் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஹஸ்ரத் குரலை உயர்த்தவேயில்லை. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னதும் துஆ ஓதினார்கள்.

பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டுச்சா பாய்?" என்றேன்.

"அதக் கேக்க ஒங்க டப்பா எதுக்கு? விழுப்புரத்துக்கே கேட்டிருக்கும். காது போச்சு போங்க."

எனக்கு முகம் விழுந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பைக்குள் விரலை விட்டுச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார்.

"கத்தினதும் எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? அவளுக்கு வெக்கமாயிடுச்சு. எங்கிட்ட குனிஞ்சு மெதுவா ஒண்ணு சொன்னா. அண்ணனுக்குக் கேக்கல. யாருக்கும் கேக்கல."

"என்ன சொன்னா?"

"அது ஒங்களுக்கு எதுக்கு, ரேடியோ?"

இதை அவர் கத்தவில்லை. தன் குரல் தனக்கே கேட்கிற மனிதர் பேசுவதுபோல, அவ்வளவு தாழ்வாகச் சொன்னார். பந்தி இரைச்சலில் நான்தான் காதை அவர் பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது.